பதினாறு லிட்டர் சீமாட்டி

அத்தியாயம் 5

சேலம் அம்மாபேட்டையில் ஒரு தறிக்கூடத்துக்கு மேல்மாடியில் இருந்தது மதுமதியின் துப்பறியும் அலுவலகம். கீழே தறி ஓடினால் மேலே மேசை ஆடும். மேசை ஆடினால் உதவியாளன் குணசீலனின் டீ சிந்தும். அன்று காலை டீ சிந்தியது. ஆனால் தறி ஓடவில்லை. அங்காளம்மாள் மாடி ஏறி வந்துகொண்டிருந்தார்.

அறுபதைத் தொடப்போகும் ஆகிருதியான அம்மாள். இடுப்பில் சாவிக்கொத்து, கையில் மஞ்சப்பை. அவர் உட்கார்ந்ததும் நாற்காலி தன் மொழியில் ஏதோ முறையிட்டது.

"சாமி, என்ற சீமாட்டியக் கடத்திப்போட்டாங்க!"

குணசீலன் துள்ளி எழுந்தான். போன மாதம் முழுக்க ஒரு கொலுசுப் பட்டறைத் திருட்டுக்காக வெள்ளித்தூசியைக் கூட்டி அள்ளியே அவன் முதுகு வளைந்துவிட்டது. கடத்தல்! இப்படி ஒரு வார்த்தைக்காகத்தான் டவுன்பஸ் கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு மதுமதியிடம் வந்து சேர்ந்திருந்தான்.

"பதறாதீங்கம்மா. எத்தனை வயசு?"

"அஞ்சு."

"அடப்பாவிகளா, பச்சக் குழந்தை! காணாமப் போனப்ப என்ன போட்டிருந்தா?"

"கழுத்துல ஒரு மணி."

"மணியா? அப்புறம்?"

"அவ்வளவுதானுங்க."

எழுதிக்கொண்டிருந்த குணசீலனின் பேனா நின்றது. சற்று யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான். "ஏம்மா, கொம்பு இருக்குமா?"

"ஒண்ணு நேரா இருக்கும். ஒண்ணு மடங்குனாப்பல."

"பசு மாடு, குணா" என்றாள் மதுமதி, ஜன்னலோரமாக நின்றபடி.

மதுமதிக்கு நாற்பத்தைந்து வயது. கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை. பேச்சு குறைவு. யோசனை வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, எதிரே இருப்பவரின் முகத்துக்கு நேராகப் பிடித்து அதன் வழியாகப் பார்ப்பாள். எதிராளிக்கு அதில் பாதித் தைரியம் போய்விடும். இப்போது கண்ணாடி அங்காளம்மாளை நோக்கி உயர்ந்தது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க."

அங்காளம்மாள் சொன்னார். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் தோட்டம். கணவர் ராசப்பனுக்கு மஞ்சள் வெள்ளாமை. அவருடைய செல்லப் பசு சீமாட்டி. புதன்கிழமை அங்காளம்மாள் ராசிபுரத்தில் ஒரு சீருக்குப் போய்விட்டுத் திரும்பினால் கட்டுத்தரையில் மாட்டைக் காணவில்லை. கயிறுகூட இல்லை. கன்றுக்குட்டி மட்டும் நின்று கத்திக்கொண்டிருந்தது. மத்தியானத் தூக்கத்தில் இருந்த ராசப்பனுக்கு ஒன்றும் காதில் விழவில்லையாம்.

"நாளைக்கு ஜேடர்பாளையத்துல கறவைப் போட்டிங்க. சீமாட்டிக்குத்தான் முதல் பரிசுன்னு ஊரே சொல்லுச்சு. இப்ப எங்கூட்டுக்காரரு கட்டில்ல விழுந்தவருதான். போலீசுக்குப் போலாமுன்னா வேண்டாங்கறாரு. காலையும் சாயங்காலமும் எந்திரிச்சு மாரியம்மன் கோயிலுக்குப் போயி வேண்டிட்டு வாராரு. வந்து மறுபடி விழுந்துக்கறாரு. கன்னுக்குட்டியப் பாத்தாலே எனக்கு வகுறு எரியுது, கண்ணு."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"பக்கத்துத் தோட்டத்துப் பெரியசாமி. அவரு மாடு மகராணி பதினாலு புள்ளி நாலு லிட்டர் கறக்குது. சீமாட்டி இல்லாட்டி அதுக்குத்தானே பரிசு?"

"சீமாட்டி எவ்வளவு கறக்கும்?"

அங்காளம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண் பார்க்க வந்தவர்களிடம் மகளின் படிப்பைச் சொல்கிற தோரணையில் சொன்னார். "காலையில ஒம்பது புள்ளி ஆறு. சாயங்காலம் ஆறு புள்ளி நாலு. மொத்தம் பதினாறு லிட்டருங்க."

"ஒன்பது புள்ளி ஆறு" என்று மெல்லத் திருப்பிச் சொன்னாள் மதுமதி. "நீங்க முன்னால ஊருக்குப் போங்கம்மா. நாங்க வர்றோம்."

மதுமதியின் பழைய ஆம்னி வேன் சேலத்தைத் தாண்டியதும் குணசீலன் ஆரம்பித்தான்.

"மேடம், மாட்டுக்குப் போட்டோ வச்சு விசாரிக்கலாமா? 'கடைசியாகப் பார்த்தபோது அசை போட்டுக்கொண்டிருந்தார்' அப்படின்னு போட்டு?"

"உன் எடை எவ்வளவு, குணா?"

"எழுபத்தெட்டு கிலோ."

"எழுபத்தெட்டுக்கு அப்புறம் புள்ளி ஏதும் உண்டா?"

"புள்ளி வைக்கிற அளவுக்கு நான் பெரிய புள்ளி இல்லையே மேடம்."

"அதேதான். கறக்கிறவங்க பத்து லிட்டர்ம்பாங்க, ஒன்பதரைம்பாங்க. ஒன்பது புள்ளி ஆறுன்னு யார் சொல்வாங்க? அந்தப் புள்ளி மாட்டு மடியிலேர்ந்து வரலை. பெருக்கல் கணக்கிலேர்ந்து வந்திருக்கு. மூணு எண்ணு இருக்கு உன்கிட்ட. ஒன்பது புள்ளி ஆறு, ஆறு புள்ளி நாலு, அந்த மகராணியோட பதினாலு புள்ளி நாலு. மூணும் மிச்சமில்லாம எதால வகுபடும்?"

குணசீலன் போனை எடுத்துத் தட்டினான். ராசிபுரம் வந்து, நெய் வாசனை வேனுக்குள் நுழைந்து, அவன் கவனத்தைக் கொஞ்ச நேரம் கலைத்துவிட்டு வெளியேறியது.

"ஒண்ணு புள்ளி ஆறு!" என்று கத்தினான். "ஆறு, நாலு, ஒன்பது. கச்சிதமா வருது. ஆறு என்ன மேடம்?"

"ஆறு படி. நாலு படி. ஒன்பது படி. இவங்க பாலைப் படியில அளக்கிறாங்க. போட்டிக்காரங்க லிட்டர்ல கேட்டதால, ஒரு படிக்கு ஒண்ணு புள்ளி ஆறு லிட்டர்னு பெருக்கிச் சொல்லியிருக்காங்க."

"சரி, அதனால மாடு கிடைச்சிருமா?"

"அந்தப் படியைப் பார்க்கணும்" என்றாள் மதுமதி.

மாட்டைத் தேடச் சொன்னால் பாத்திரத்தைத் தேடுகிறார். இவரிடம் சம்பளம் வாங்குவதைவிட இவரைப் புரிந்துகொள்வது சிரமம் என்று எண்ணிக்கொண்டான் குணசீலன்.

பெரியசாமி உயரமாக, ஒல்லியாக, முறுக்கிய மீசையோடு இருந்தார். வேனிலிருந்து இறங்கியவர்களை வாசலில் வரவேற்காமல் கட்டுத்தரையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"மகராணியப் பாக்கறதுன்னா தள்ளி நின்னு பாத்துக்கங்க. கண்ணு பட்டுரும்."

"எங்க கண்ணெல்லாம் சாப்பாட்டு மேல மட்டும்தாங்க படும்" என்றான் குணசீலன்.

மகராணி கறுப்பு வெள்ளைத் திட்டுகளோடு கம்பீரமாக நின்று, அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ராசப்பன் ஐயா மாட்டைக் காணோம். உங்க மேல சந்தேகம் சொல்றாங்க" என்று நேராக வந்தாள் மதுமதி.

பெரியசாமியின் மீசை துடித்தது. "அந்த அம்மா சொல்லியிருக்கும். ஏனுங்க, அவுரு மாட்டை நான் எதுக்குங்க தூக்கறேன்? அது தின்னுற தீனிக்கு நான் தோட்டத்தையே வித்துப்போடோணும். வேணுமின்னா ஊட்டுக்குள்ள பூந்து தேடிக்கங்க. கட்டிலுக்கடியில கூடப் பாத்துக்கங்க!"

குணசீலன் கட்டிலுக்கடியில் உண்மையாகவே பார்த்தான். ஒரு கோழி இருந்தது. அது கொத்தியது.

"பாலை எதுல அளக்கிறீங்க?" என்றாள் மதுமதி.

பெரியசாமி உள்ளே போய், பளபளவென்று துலக்கிய பித்தளைப் படி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். "இதுலதானுங்க. பால் சொசைட்டிக்கு நாங்க ஊத்தறதில்லை. நானும் சரி, ராசப்பண்ணனும் சரி. அங்க ஒரு கருவிய முக்கித் தண்ணி கலந்திருக்குதான்னு பாக்கறாங்க. மானமுள்ளவன் போவானுங்களா? டீக்கடைக்கும் சொந்தக்கார ஒறம்பறைக்கும் படிக்கணக்குத்தான்."

"போட்டியில லிட்டர்லதானே கேட்டாங்க?"

"படிக்கு ஒண்ணு புள்ளி ஆறு. படி வாங்குன பாத்திரக்கடை குருமூர்த்தி சொன்ன கணக்கு. இந்தச் சுத்துவட்டாரம் பூராவுக்கும் அதான். நாளைக்குக் கறக்கறதுக்கு லிட்டர்க்கோடு போட்ட கேன் ஆளுக்கு ஒண்ணாக் குடுத்திருக்காங்க. பாருங்க."

சாமி அலமாரியில், படங்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத எவர்சில்வர் கேன் ஒன்று சந்தனம் குங்குமம் வைத்து வீற்றிருந்தது.

"இன்னும் ஒரு தடவைகூட இதுல கறந்து பார்க்கலையா?"

"நாளைக்கு நல்ல நேரத்துலதானுங்க திறப்பேன்."

மதுமதி திரும்பி, குணசீலன் கையில் இருந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். அவன் அதை அப்போதுதான் திறந்து வாயருகே கொண்டுபோயிருந்தான்.

"குடிக்காதே. படியில ஊத்து."

"மேடம், தாகத்துல நாக்கு ஒட்டுது..."

"ஊத்து."

ஊற்றினான். பாட்டில் காலியானது. படியில் இன்னும் இடம் இருந்தது. வேனில் இருந்த இரண்டாவது பாட்டிலைக் கொண்டுவந்து ஊற்றினான். மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் படி நிறைந்து, வழிந்து, அவன் செருப்பை நனைத்தது.

"ஒண்ணரையைத் தாண்டும்னு நினைச்சேன். ஒண்ணேகாலைத் தாண்டினதும் மூச்சு விட்டிருச்சு" என்றான் குணசீலன்.

"ஒண்ணு புள்ளி மூணு, அதுக்கு ஒரு சொட்டு மேல" என்றாள் மதுமதி. "ஒண்ணு புள்ளி ஆறு இல்லை."

"பாட்டில் அளவு தப்புங்க!" என்று சீறினார் பெரியசாமி. தானே ஓடிப்போய் ரோட்டோரக் கடையில் வேறொரு கம்பெனி பாட்டில் இரண்டு வாங்கிவந்து தன் கையாலேயே ஊற்றினார். படி அதே இடத்தில் நிறைந்தது. குணசீலனின் இன்னொரு செருப்பும் நனைந்தது.

மதுமதி அவரிடமே நம்பர் வாங்கிப் பாத்திரக்கடைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். குருமூர்த்தியின் குரல் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே வந்தது.

"ஆமாங்க, படிக்கு ஒண்ணு புள்ளி ஆறுன்னு நான்தான் சொன்னேன். அது பெரிய படிக்குங்க."

"நீங்க விக்கிறது?"

"சின்னப் படிதானுங்க. பெரிய படி இப்ப யாருங்க வாங்கறாங்க?"

"அதை அவங்ககிட்டச் சொல்லலையா?"

"எந்தப் படின்னு அவங்க கேக்கலைங்க. எந்தப் படின்னு நானும் கேக்கலைங்க" என்றார் குருமூர்த்தி, நியாயமான குரலில்.

பெரியசாமி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒன்பது படி. படிக்கு ஒன்று, ஒன்பது. அதற்குமேல் மூன்றிலொன்று ஒன்பது தடவை, மூன்று. எண்ணி முடித்ததும் அவருடைய மீசை முனை இரண்டும் கீழே இறங்கின.

"பன்னண்டா?" என்றார், காற்றுப்போன குரலில். பிறகு மகராணியைப் பார்த்தார். பரீட்சையில் தோற்றுவிட்டு வந்து நிற்கும் மகளைப் பார்க்கிற பார்வை அது. மகராணி பதிலுக்குச் சாணி போட்டது.

வேனில் ஏறியதும் குணசீலன் சொன்னான். "மேடம், இவரு நடிக்கலை. அந்த மீசை நடிக்காது."

"இவருக்கு இப்பத்தான் தெரிஞ்சது. தன் மாடு உண்மையா எவ்வளவு கறக்குதுன்னே தெரியாதவர், ராசப்பன் மாட்டைப் பார்த்துப் பயப்பட்டிருக்கலாம். ஆனா சீமாட்டி நாளைக்குப் போட்டிக்கு வரவே கூடாதுன்னு நினைக்கிற ஆள் வேற ஒருத்தர் இருக்கார்."

"யாரு?"

"கேனைத் திறந்து பார்த்தவர்."

ராசப்பன் வீட்டு வாசலில் வேப்பமரத்தடிக் கட்டிலில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். யாரோ வந்திருப்பது தெரிந்ததும் துண்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் கிளம்பியது. நல்ல பயிற்சியுள்ள முனகல்.

"உங்க மாட்டைக் கண்டுபிடிக்கத்தாங்க வந்திருக்கோம்" என்றான் குணசீலன்.

முனகல் சட்டென்று நின்றது. துண்டு ஒரு ஓரமாக விலகி, ஒரு கண் எட்டிப் பார்த்தது. "எதுக்குங்க சிரமம்? போனது போச்சு. காப்பி குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க."

துப்பறிகிறவர்களை இவ்வளவு சீக்கிரம் வழியனுப்பும் பறிகொடுத்தவரைக் குணசீலன் பார்த்ததில்லை. ஆனால் அதற்குள் அங்காளம்மாள் காபி டம்ளரை நீட்டிவிட்டார். அவன் யோசனை டம்ளருக்குள் இறங்கியது. ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். இன்னொரு வாய் குடித்தான். மேலுதட்டில் ஆடை ஒட்டியது. பாக்கெட் பாலில் காபி குடித்தே பத்து வருடம் ஓட்டியவன் அவன். இது பாக்கெட் பால் இல்லை. அதோடு, காபித்தூள் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை. ரசத்துக்குச் சொந்தமானது, காபிக்குச் சம்பந்தமில்லாதது.

"ஏம்மா, காப்பியில மஞ்சள்தூள் போடுவீங்களா?"

"எவளாச்சும் போடுவாளா, கண்ணு? எல்லாம் அவுரு கொண்டார பாலுங்க. மாடு போனதுலேருந்து கோயில் பக்கமிருக்கற டீக்கடையில சொல்லி வச்சு, ரெண்டு வேளையும் தூக்குப்போசி நெறைய வாங்கியாராரு. அது ஒண்ணுதான் ஆறுதல். கன்னுக்குட்டி பாக்கெட் பாலைக் காட்டுனா மூஞ்சியத் திருப்பிக்குது. இவுரு கொண்டார பாலை மட்டும் மடமடன்னு குடிக்குது."

மதுமதி கண்ணாடியைக் கழற்றினாள். ஆனால் யார் முகத்துக்கு நேராகவும் பிடிக்கவில்லை. கன்றுக்குட்டியைப் பார்த்தாள். செவலை நிறத்தில், மெலிந்த கால்களோடு, கட்டுத்தரைக் கம்பத்தில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

"போட்டிக்காரங்க கொடுத்த கேன் எங்கம்மா?"

"வந்தன்னிக்கே இவுரு கட்டுத்தரைக்கு எடுத்துட்டுப் போனாரு. அதுக்கப்புறம் நான் கண்ணுலயே பாக்கலைங்க."

கட்டிலில் துண்டு அசைவற்றுக் கிடந்தது. மூச்சுகூட வரவில்லை.

குணசீலன் காபி டம்ளரோடு கட்டுத்தரைப் பக்கம் நகர்ந்தான். வைக்கோல் குவியல் ஒன்று மெத்தை மாதிரி அழைத்தது. பொத்தென்று உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் எழுந்து, இடுப்புக்குக் கீழே தடவிக்கொண்டே வைக்கோலை விலக்கினான். உள்ளே எவர்சில்வர் கேன். பக்கவாட்டில் யாரோ ஆத்திரத்தோடு உதைத்த மாதிரி நசுங்கல். உள்பக்கம் வரிசையாக லிட்டர்க்கோடுகள். பதிமூன்றாவது கோட்டுக்குச் சற்று மேலே, காய்ந்த பாலாடை ஒரு வளையமாக ஒட்டியிருந்தது.

அதை மதுமதியிடம் காட்டுவதற்குள் கட்டிலில் அசைவு தெரிந்தது. ராசப்பன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "வெயில் தாழ்ந்துபோச்சு. கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, மாடத்திலிருந்த பெரிய தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, தளர்ந்த நடையில் வேலிப்படலைத் தாண்டினார். தாண்டியதும் நடையில் தளர்ச்சி போய்விட்டது.

போசியின் கைப்பிடி மஞ்சளாக இருந்ததைக் குணசீலன் கவனித்தான். மஞ்சள் மண்டி ஊரில் எது மஞ்சளாக இல்லை என்று முதலில் விட்டுவிட்டான். மறுகணம் காபி வாசனையும் கைப்பிடியும் அவன் மண்டைக்குள் ஒன்றாகக் கைகோத்துக்கொண்டு குதித்தன.

"மேடம்!"

"சத்தம் போடாதே. அம்மா, நீங்களும் வாங்க" என்றாள் மதுமதி.

மூவரும் பின்தொடர்ந்தார்கள். மதுமதி வேலியோரமாக நடந்தாள். அங்காளம்மாள் சாவிக்கொத்தைச் சத்தமில்லாமல் இருக்க இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தார். குணசீலன் நனைந்த செருப்பு 'பச்சக் பச்சக்' என்று கத்துவதால் அதைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, நெருஞ்சி முள்ளுக்கு ஒரு 'ஐயோ' என்ற கணக்கில் நடந்தான். கண்ணுக்கு மறையாத தூரத்தில் ராசப்பன் மாரியம்மன் கோயிலை அடைந்தார். நின்றார். அம்மனைப் பார்த்து அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோயிலுக்குள் நுழையாமல் பின்பக்கச் சந்தில் திரும்பினார்.

"அங்க எங்க மஞ்சக் கிடங்குதானே இருக்குது?" என்று கிசுகிசுத்தார் அங்காளம்மாள்.

கிடங்குக் கதவைத் திறந்து ராசப்பன் உள்ளே கால் வைத்த அதே நேரம், இவர்கள் மூவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஏதோ ஒன்று பாய்ந்து போனது. கன்றுக்குட்டி. போசியைப் பார்த்ததும் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறது. அது ராசப்பனின் கால்களுக்கு நடுவே புகுந்து கிடங்குக்குள் ஓடியது. உள்ளிருந்து "ம்மா" என்று ஒரு நீண்ட குரல். அதற்குப் பதிலாக ஒரு பிஞ்சுக் குரல்.

குணசீலன் வாசலில் நின்று பார்த்தான். மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவே, கொம்பிலிருந்து குளம்புவரை, வாலிலிருந்து இமைவரை, நலங்கு வைத்த மணப்பெண்போல மஞ்சளாக நின்றுகொண்டிருந்தது ஒரு பசு. ஒரு கொம்பு நேராக இருந்தது. ஒன்று மடங்கியிருந்தது. கழுத்தில் மணி மட்டும் துணி சுற்றிச் சத்தமில்லாமல் கட்டப்பட்டிருந்தது. கன்று மடியை முட்டி முட்டிக் குடிக்கக் குடிக்க, அதுவும் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க!" என்றார் அங்காளம்மாள்.

ராசப்பனின் கையிலிருந்து போசி விழுந்து உருண்டது. அவர் திரும்பினார். மனைவியைப் பார்த்தார். ஓட வழியில்லை. மூட்டையில் உட்கார்ந்தார்.

"நானேதான் கொண்டாந்து கட்டுனேன்" என்றார்.

"சொந்த மாட்டைக் கடத்தின முதல் ஆள் நீங்கதாங்க. பிணைத்தொகையையும் உங்ககிட்டயே கேட்டிருப்பீங்களா?" என்றான் குணசீலன். மதுமதி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"பதினாறு லிட்டர்னு சொல்லிப்போட்டேன், சாமி" என்றார் ராசப்பன். "கல்யாணம், காதுகுத்து, கெடா வெட்டு ஒண்ணு விடலை. சீமாட்டி பதினாறு, சீமாட்டி பதினாறுன்னு. மண்டியில இருக்கற ஆளுங்க என்னையவே 'பதினாறு' வாராருன்னு கூப்புடுவாங்க. கேன் வந்ததும் ஆசை ஆசையாக் கறந்தேன். ரெண்டு வேளையும் சேத்துப் பதிமூணரைக்கு வந்து நின்னுபோச்சு. மாட்டுக்கு மேலுக்குச் சரியில்லையோன்னு புண்ணாக்கு ரெண்டு மடங்கு வச்சேன். மறுநாளும் பதிமூணரை. கேன்ல கோளாறுன்னு ஒரு ஒதை விட்டேன். அப்புறந்தான் படியில தண்ணி ஊத்திப் பாத்தேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பொய் சொல்லலீங்க. எனக்கே தெரியாது. ஆனா நாளைக்கு அத்தனை சனத்துக்கு முன்னால கேன் கோட்டைப் பாத்துச் சிரிக்கறப்ப, அதை யாரு நம்புவா? போட்டி முடியற வரைக்கும் ஒளிச்சு வச்சிருந்து, அப்புறம் கிடைச்சிருச்சுன்னு கூட்டியாந்தரலாம்னு பாத்தேன்."

அங்காளம்மாளுக்குக் கோபம் வருமென்று குணசீலன் ஒதுங்கி நின்றான். வந்தது. "அந்தப் பச்ச மண்ணு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. நானும் ஊரூரா அலையறேன். என்ற கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

"உன்ற கிட்ட எப்படிச் சொல்றது? உன்ற தம்பிகிட்ட நீ பதினெட்டுன்னு சொல்லி வச்சிருக்கியே!"

அங்காளம்மாள் சேலைத் தலைப்பால் சீமாட்டியின் முதுகைத் துடைக்கத் தொடங்கினார். பிறகு கணவர் பக்கம் பார்க்காமலே அவர் தோளில் ஒட்டியிருந்த மஞ்சளையும் தட்டிவிட்டார்.

"ஐயா, ஒரு விஷயம்" என்றாள் மதுமதி. "பெரியசாமி வீட்டுப் படியும் குருமூர்த்தி கடைப் படிதான். அவரும் ஒண்ணு புள்ளி ஆறாலதான் பெருக்கியிருக்கார். மகராணி கறக்கிறது பதினாலு இல்லை, பன்னிரண்டு."

ராசப்பன் தலை மெதுவாக நிமிர்ந்தது. "பன்னண்டா? அப்படின்னா சீமாட்டி இன்னும்..."

"மேலதான் இருக்கா. படி குறைஞ்சா எல்லாருக்கும்தானே குறையும்?"

ராசப்பன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது முழுசாகப் பரவுவதற்குள் குணசீலனின் போன் அடித்தது. எடுத்துப் பேசினான். கேட்கக் கேட்க அவன் புருவம் ஏறிக்கொண்டே போனது. போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னான்.

"மேடம், பெரியசாமி. மகராணியைக் காணோமாம். மத்தியானம் நாம கிளம்பினதுக்கப்புறம் யாரோ கடத்திட்டாங்களாம். நாளைக்குப் போட்டிக்கு வர முடியாதேன்னு அழறாரு."

கன்று மடியை இன்னொரு முட்டு முட்டியது. பிறகு ராசப்பனின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. புதன்கிழமையிலிருந்து முனகிய மனிதர் மூட்டையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மஞ்சள் புகை எழுந்து அத்தனை பேரும் தும்மினார்கள்.

"நீங்க சும்மா இருந்தாலே போதும்" என்றான் குணசீலன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அவரு வர மாட்டாரு. பரிசு உங்களுக்குத்தான்."

ராசப்பன் சிரிப்பை நிறுத்தினார். சீமாட்டியைப் பார்த்தார். கதவு வழியாகத் தெரிந்த தெருவைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"போனைக் குடுங்க, தம்பி."

குணசீலன் ஸ்பீக்கரைப் போட்டுக் கொடுத்தான்.

"பெரியசாமி, நான் ராசப்பன் பேசறேன். என்ற மாடு கிடைச்சிருச்சு."

"அப்படிங்களாண்ணா. சந்தோசங்க" என்றது போனில் ஒரு சுரத்தில்லாத குரல். "பதினாறு லிட்டர் மாடு. கிடைக்காமப் போவுமா?"

"பதினாறு இல்லப்பா. பதிமூணரை. படிதான் நம்மளை ஏமாத்திப்போடுச்சு. நாளைக்கு மைக்குல நானே சொல்லிப்போடறேன். சிரிக்கறவங்க சிரிச்சுக்கட்டும், ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னுக்கலாம். வண்டி நான் சொல்லிக்கறேன். ரெண்டு மாட்டையும் ஒண்ணாவே ஏத்திக்கலாம். மகராணியக் கூட்டியா."



"காணாமப் போன மாட்டை எங்கிருந்துண்ணா கூட்டியாரட்டும்?" என்றார் பெரியசாமி, விறைப்பாக.

அவர் சொல்லி முடிப்பதற்குள், அதே போனில், அவர் காதுக்குப் பக்கத்திலேயே, "ம்மா" என்று கணீரென்று ஒரு குரல் எழுந்தது.

கிடங்கில் எல்லோரும் போனை நோக்கிக் குனிந்தார்கள். பெரியசாமி தொண்டையைக் கனைத்தார்.

"வண்டி எத்தனை மணிக்குங்கண்ணா?"